நம் ஊருக்கு ஏது இலையுதிர் காலம்?



புரட்டாசித் திங்களின் கடைசி வாரம். பள்ளி விட்டு வந்த என் பேத்தி, தார்சாவில் அமர்ந்து ஒரு படத்திற்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். நெடிய மரம் ஒன்று. அதன் இலைகள் எல்லாம் சிவப்பும் மஞ்சளுமாக இருந்தன. அடியில் சருகுக் குவியல். கம்பளிச் சட்டை அணிந்த சிறுவன் ஒருவன் அச்சருகுகளை வாரி இறைத்துக்கொண்டிருந்தான். மேலே "இலையுதிர் காலம்" என்று அழகாக எழுதியிருந்தாள். ஆங்கிலப் பாடநூலில் உள்ள படமாம். பார்த்து வரைந்து வரும்படி ஆசிரியை பணித்திருந்தாராம்.

வரைந்து முடித்தவள் தலை நிமிர்ந்து, "தாத்தா, நம் ஊரில் இலைகள் எப்போது சிவக்கும்?" என்று கேட்டாள்.

தச்சநல்லூரிலேயே பிறந்து வளர்ந்து எழுபது ஆண்டுகளைக் கடந்த நான் தெருவை நோக்கினேன். வேம்பு பசுமையாக நின்றது. பூவரசும் அப்படியே. எதிர் வீட்டு வாதுமை மரத்தில் மட்டும் ஓரிரு இலைகள் சிவந்து தொங்கின. அவற்றைச் சுட்டிக் காட்டினேன்.

"இரண்டே இரண்டுதானா?" என்று அவள் முகம் வாடிற்று.

மேற்கொண்டு என்னால் விடை கூற இயலவில்லை. அவ்வினாவிற்கு விடை தேடிய கதையையே இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

பெயரிலேயே உள்ள செய்தி

நம் முன்னோர் ஓர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்பன அவை. ஆவணியும் புரட்டாசியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மழையையும் குளிரையும் பனியையும் வெயிலையும் கொண்டே அவர்கள் காலத்திற்குப் பெயர் சூட்டினர். இலை உதிர்வதைக் கொண்டு ஒரு பொழுதுக்கும் பெயர் வைக்கவில்லை. மேலைநாட்டார் இலையுதிர் காலம் என்று கொண்டாடும் அதே திங்கள்களில், நமக்கு அமைந்திருப்பது கூதிர். மழையும் வாடையும் கலந்து உடலைச் சிலிர்க்கவைக்கும் காலம் அது.

இவ்வேறுபாட்டிற்குக் காரணம் உண்டு. இலண்டன் மாநகரில் கோடையின் நெடும் பகலுக்கும் குளிர்காலத்தின் குறும் பகலுக்கும் இடையே ஏறத்தாழ ஒன்பது மணி நேரம் வேறுபாடு. நிலநடுக்கோட்டிற்கு அண்மையில் உள்ள நம் நெல்லைச் சீமையிலோ அவ்வேறுபாடு ஏறக்குறைய ஒரு மணி நேரமே. அங்கே பகல் குறுகக் குறுக, குளிர் ஏற ஏற, மரம் தன் இலைகளில் உள்ள பச்சையத்தைச் சிதைத்துச் சத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறது. பச்சை மறையவும், அதுவரை அதனுள் ஒளிந்திருந்த மஞ்சள் வெளிப்படுகிறது. சில மரங்களில் சிவப்பு நிறமி புதிதாகவும் உண்டாகிறது. நிலத்து நீர் உறையும் பனிக்காலத்தில் இலையைச் சுமந்து நிற்பது அம்மரங்களுக்கு இழப்பு. ஆகவே உதிர்த்துவிடுகின்றன.

நம் மரங்களுக்குப் பகை குளிரன்று, வறட்சியே. தை பிறந்து, மழை ஓய்ந்து, மண்ணின் ஈரம் வற்றத் தொடங்கிய பின்னரே அவை இலையை உதிர்க்கின்றன. மாசியிலும் பங்குனியிலும் அரசமரத்தடியைப் பெருக்கிப் பெருக்கிச் சலித்தவர்களுக்கு இது தெரியும். ஆக, நமக்கும் இலையுதிர் காலம் உண்டு. அது பாடநூல் காட்டும் திங்களில் வருவதில்லை, அவ்வளவே.

மலையடிவாரத்தில் ஒரு நாள்

இவற்றை எல்லாம் சொல்லிப் பார்த்தேன். பேத்திக்குப் பாதிதான் விளங்கிற்று. கண்ணால் காட்டினால் அன்றிக் குழந்தைகள் நம்புவரோ? அந்த வார விடுமுறையில் அவளை அழைத்துக்கொண்டு பேருந்தேறிப் பாபநாசம் சென்றேன். பொதிகையில் பிறக்கும் தாமிரபரணி சமவெளியில் அடியெடுத்து வைக்கும் இடம் அது. முண்டந்துறைக் காடு 1962-ஆம் ஆண்டிலும், களக்காட்டுக் காடு 1976-ஆம் ஆண்டிலும் சரணாலயங்களாக அறிவிக்கப்பட்டன. 1988-இல் இரண்டும் ஒன்றாகிப் புலிகள் காப்பகமாயின. சோதனைச் சாவடிக்கு இப்பால், எவரும் செல்லக்கூடிய சாலையோரத்திலும் ஆற்றங்கரையிலுமே நாங்கள் நின்றோம். காண்பதற்கு அதுவே போதுமாயிருந்தது.

சென்ற பங்குனியில் இதே இடத்திற்கு ஒரு திருமணத்தின் பொருட்டு வந்திருந்தேன். அன்று மலைச்சரிவு பழுப்பேறிக் கிடந்தது. மரங்கள் கிளையும் கொம்புமாக நின்றன. இன்றோ பாறை தெரியாவண்ணம் புல் மூடியிருந்தது. கல்லில் பாசி, மரத்தின் பிளவில் பெரணி, மட்கிய கட்டையில் குடை விரித்த காளான் எனத் திரும்பிய பக்கமெல்லாம் ஏதோ ஒன்று முளைத்துக்கொண்டிருந்தது. வேலியில் தொற்றி ஏறிய காந்தள் கொடி தன் முதல் மொட்டுகளை விட்டிருந்தது. கார்த்திகையில் மலர்வதால் அதைக் கார்த்திகைப்பூ என்கிறோம். நம் தமிழகத்தின் மாநில மலரும் அதுவே.

கரையிலுள்ள மருதமரங்களைப் பேத்தி தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். இலை உதிரவில்லை, ஆனால் மரத்தின் பட்டை, தாள் உரிவதுபோல் ஏடு ஏடாக உரிந்து, உள்ளே வெண்மையும் வழவழப்புமான புதுப்பட்டை தெரிந்தது. "மரம் சட்டை மாற்றிக்கொள்கிறதா தாத்தா?" என்றாள். ஆம் என்றேன்.

ஆற்றுப் பாறையொன்றின்மேல், சாம்பல் முதுகும் மஞ்சள் வயிறுமாக ஒரு சிறு குருவி, வாலை ஓயாது மேலும் கீழும் அசைத்துக்கொண்டு நின்றது. வாலாட்டிக் குருவிகளில் அது ஒரு வகை. இமயமலைச் சாரலில் குஞ்சு பொரித்து வளர்த்துவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்கத் தெற்கே வருவது. அதனைப் பார்த்தவாறே நெடுநேரம் அமர்ந்திருந்தோம்.

திரும்பும் பேருந்தில் பேத்தி சொன்னாள்: "தாத்தா, அந்தப் படத்தில் எல்லாம் போகிறது. இங்கே எல்லாம் வருகிறது."

நான் தேடிய விடையைக் குழந்தையே கூறிவிட்டாள்.

வந்துசேரும் காலம்

அன்று முதல் வீட்டைச் சுற்றிலும் வருவனவற்றை இருவரும் எண்ணத் தொடங்கினோம்.

முதலில் வந்தது காற்று. வைகாசி முதல் மேற்கிலிருந்து ஓயாது வீசி, முப்பந்தலிலும் ஆரல்வாய்மொழியிலும் காற்றாலைகளைச் சுழற்றிய காற்று, புரட்டாசியோடு தளர்ந்துவிடுகிறது. சில நாள் இலை அசையாத புழுக்கம். பின்னர் ஒரு மாலையில் முகத்தின் மறுபுறம் குளிர்ச்சி படுகிறது. வடகிழக்கிலிருந்து வாடை புறப்பட்டுவிட்டது. எங்கள் வீட்டில் அதனை முதலில் கண்டுகொண்டது கொடியில் உலர்ந்த துணிதான். அதுவரை கிழக்கு நோக்கிப் பறந்தது, அன்று மேற்கு நோக்கிப் பறந்தது.

அடுத்து நீர். தென்மேற்குப் பருவமழையால் பாபநாசம் அணை நிறைவதும், வடகிழக்குப் பருவமழையை நம்பி மணிமுத்தாறு அணை காத்திருப்பதும் நம் மாவட்டத்தார் அறிந்ததே. முன்னதன் உயரம் 143 அடி, பின்னதன் உயரம் 118 அடி. நாளிதழில் அணைகளின் நீர்மட்டத்தைப் பார்த்துவிட்டே மற்றச் செய்திகளைப் படிக்கும் பெரியோர் இன்றும் நம் ஊரில் உளர். கார் நெல் அறுவடையாகிய வயல்களில் வாத்து மேய்ப்போர் தம் கூட்டத்தை இறக்குகின்றனர். அருகிலேயே பிசானப் பருவத்திற்கு நாற்றங்கால் பச்சைப் பாயாக விரிகிறது. ஒருபுறம் அரிதாள், மறுபுறம் நாற்று. முடிவும் தொடக்கமும் ஒரே வரப்பின் இருபக்கத்திலும் நிற்கக் காணலாம்.

பின்னர்ச் சிற்றுயிர்கள். எறும்புகள் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு சுவரேறின. தட்டான்கள் தாழப் பறந்தன. அவற்றுள் அகன்ற சிறகுடைய ஒருவகைத் தட்டான், இத்திங்கள்களில் இந்தியாவிலிருந்து மாலத்தீவுகளின் வழியே கடல் கடந்து கிழக்கு ஆப்பிரிக்காவை அடைகிறது என்று சார்லஸ் ஆண்டர்சன் என்னும் உயிரியலார் 2009-இல் எடுத்துரைத்தார். நூல் கட்டி நாம் விளையாடிய தட்டானுக்கா இத்தனை ஆற்றல் என்று வியந்தேன்! முதல் மழைக்கு மறுநாள், தரிசு நிலத்தில் செம்பட்டுத் துணியைக் கத்தரித்துப் போட்டாற்போன்ற பட்டுப்பூச்சிகள் ஊர்ந்தன. மாலை விளக்கை ஈசல் மொய்த்தது. மின்கம்பிகளில் தகைவிலான் குருவிகள் வரிசை வரிசையாக வந்தமர்ந்தன. அண்மையில் உள்ள நயினார்குளத்திலும் பறவைக் கூட்டம் பெருகியது.

புறவாசலில் ஒரு விருந்தாளி

ஐப்பசி இரண்டாம் வாரத்தில், இரவு முழுதும் மழை பெய்து ஓய்ந்த ஒரு விடியற்காலை. புறவாசலில் வாழையடியில் பேத்தி என்னை அழைத்தாள். அங்கே ஈரச் சருகுகளின் நடுவே ஒரு பறவை, சிறகு தளர்ந்து ஒடுங்கிக் கிடந்தது. பச்சை முதுகு, மங்கிய மஞ்சள் மார்பு, கண்ணை ஊடறுத்துச் செல்லும் கருங்கோடு, சிறகில் பளிச்சிடும் நீலம், வாலடியில் குருதிச் சிவப்பு. ஓவியன் ஒருவன் தன்னிடமிருந்த வண்ணங்களை எல்லாம் பூசிப் பார்த்ததுபோல் இருந்தது. சற்றுத் தொலைவில் ஒரு பூனை பதுங்கி நின்றது.

பூனையை விரட்டினோம். அட்டைப்பெட்டி ஒன்றில் துளையிட்டுப் பறவையை மெல்ல எடுத்து உள்ளே வைத்து மூடி, இருட்டான மூலையில் வைத்தோம். பக்கத்து வீட்டுச் சிறுவன், "கூண்டு வாங்கி வளர்க்கலாம்" என்றான். காட்டுப் பறவையைக் கூண்டிலடைப்பது 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்று அவனுக்கு எடுத்துக் கூறினேன். ஆயினும் பறவையின் பெயர் என்ன என்று அவன் கேட்டபோது நான் விழித்தேன்.

அடுத்த தெருவில் எண்பத்தைந்து வயதுப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். வாழ்நாளெல்லாம் நெல்லைக் கால்வாய்ப் பாசனத்தில் வயல் செய்தவர். அவரைச் சென்று அழைத்து வந்தேன். பெட்டியைச் சிறிதே திறந்து பார்த்தவர் சிரித்தார்.

"தம்பி, இது ஆறுமணிக்குருவி அல்லவா? காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் சீட்டி அடிக்குமே! வடக்கேயிருந்து இரவோடு இரவாகப் பறந்து வரும். களைத்துப்போய் இப்படி யார் வீட்டிலாவது விழும். உங்கள் அப்பா ஆண்டுதோறும் இது வந்த நாளைக் குறித்து வைப்பாரே, உங்களுக்கு நினைவில்லையா?"

என் நெஞ்சில் ஏதோ ஒன்று தைத்தது.

எடைக்குப் போன ஏடுகள்

என் தந்தையார் குத்தகை நிலத்தில் பயிர் செய்த எளிய உழவர். நாள்காட்டியில் கிழித்த தாள்களை அவர் வீசியெறிவதில்லை. பின்புறத்தில் பென்சிலால் ஏதேனும் எழுதி, ஒரு கம்பியில் குத்தி வைப்பார். "வாய்க்காலில் நீர் வந்தது", "நாற்று பாவியது", "முதல் மழை, உழவுக்குப் போதாது" என்பன போன்ற குறிப்புகள். அவற்றிடையே ஐப்பசித் தாள் ஒன்றில் ஆண்டுதோறும் "ஆ.கு. வந்தது" என்று இருக்கும். சிறுவயதில் அதைக் கண்டு, ஆ.கு. என்பது எவரோ ஒருவரின் முதலெழுத்துகள் என்றும், அவர் தர வேண்டிய கடன் தொகை வந்தது என்றும் நான் எண்ணிக்கொண்டிருந்தேன். தந்தையாரிடம் ஒருமுறையேனும் கேட்டதில்லை.

அவர் மறைந்த பின், வீட்டிற்கு வெள்ளையடிக்கும்போது, முப்பது ஆண்டுக்கும் மேற்பட்ட அத்தாள்களை எல்லாம் ஒரு சாக்கில் கட்டிப் பழைய தாள் வியாபாரியிடம் எடைக்குப் போட்டேன். எத்தனை ரூபாய் கிடைத்தது என்பதுகூட இன்று நினைவில்லை.

"அந்தத் தாள்கள் எங்கே தாத்தா? இந்தக் குருவி முன்பெல்லாம் எந்தத் தேதியில் வரும்?" என்று பேத்தி கேட்டாள். உண்மையைச் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

பயிர் செய்வோனின் கிறுக்கலில் என்ன பெரிய அறிவு இருந்துவிடப் போகிறது என்று எவரும் கருத வேண்டா. இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் இராபர்ட் மார்ஷம் என்பவர், மரம் துளிர்ப்பது, பறவை வருவது முதலிய வசந்தத்தின் அடையாளங்களை 1736-ஆம் ஆண்டு முதல் குறித்து வந்தார். அவர் வழித்தோன்றல்கள் 1958 வரை அதனைத் தொடர்ந்தனர். ஜப்பானின் கியோட்டோ நகரில் செர்ரி மரங்கள் பூக்கும் நாளைப் பற்றிய குறிப்புகள் ஒன்பதாம் நூற்றாண்டிலிருந்தே கிடைக்கின்றன. 2021-இல் மார்ச் 26 அன்றே அவை முழுமையாக மலர்ந்தபோது, ஆயிரத்திருநூறு ஆண்டுகளில் இத்துணை முன்னதாக மலர்ந்ததில்லை என்று அவர்களால் துணிந்து கூற முடிந்தது. எழுதி வைத்தவர்கள் இருந்தமையால்தானே அது முடிந்தது?

நம் நிலை என்ன? ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்பது நம் மக்கள் வழக்கு. 1992-இல் நவம்பர்த் திங்களில் தாமிரபரணி பெருகி அழித்தது. அது மழைக்குரிய காலம். 2023-இல் பெருவெள்ளம் வந்ததோ டிசம்பர் 17, 18 நாள்களில். மார்கழி பிறந்த அன்று. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது. ஒரு வெள்ளத்தைக் கொண்டு காலமே மாறிவிட்டது என்று முடிவு கட்டுதல் தவறு. ஆனால் பருவம் மாறுகிறதா, மாறவில்லையா என்று அறிய, முன்பு எப்படி இருந்தது என்ற கணக்கு வேண்டுமன்றோ? மழைமானிகள் மழையின் கணக்கைத் தரும். எங்கள் தெருவில் ஈசல் எந்நாளில் பறந்தது, ஆறுமணிக்குருவி எந்நாளில் வந்தது என்ற கணக்கை எந்த அலுவலகம் வைத்திருக்கிறது? ஒரு பென்சில் வைத்திருந்தது. அதை நான் எடைக்குப் போட்டேன்.

இன்று நாம் செய்யக்கூடியது

நல்ல வேளையாக, இப்பணியை மேற்கொண்டோர் நம் நாட்டிலும் உளர். வலசைப் பறவைகளின் வருகை நாள்களைப் பொதுமக்களிடமிருந்து திரட்டும் முயற்சி 2007-இல் தொடங்கப்பட்டது. பள்ளிப் பிள்ளைகள் ஒரு மரத்தைத் தேர்ந்து, வாரந்தோறும் அதன் துளிரையும் பூவையும் காயையும் குறித்து அனுப்பும் சீசன்வாட்ச் என்னும் திட்டம் 2010 முதல் நடைபெறுகிறது. நம் தாமிரபரணிப் பாசனக் குளங்களிலும் 2011 முதல் ஆர்வலர்கள் நீர்ப்பறவைகளைக் கணக்கெடுத்து வருகின்றனர். படிப்பறிவு குறைந்த சிற்றூரினரும் இதில் பின்தங்கியவர்கள் அல்லர். கூந்தன்குளத்து மக்கள் தம் வீட்டு மரங்களில் கூடுகட்டும் பறவைகளைத் தலைமுறைகளாகப் பேணி வந்தனர். 1994-இல் அரசு அவ்விடத்தைச் சரணாலயமாக அறிவித்தது அதன் பின்னரே.

அவ்வளவு பெரிய முயற்சி வேண்டுமென்று கூறவில்லை. வீட்டிற்கு ஒரு நாற்பது பக்கக் குறிப்பேடு போதும். நாள், கண்டது, கண்ட இடம், கண்டவர் பெயர் என்று நான்கு கட்டங்கள். தெருவிலுள்ள ஒரு மரம், வீட்டுக்கு வரும் ஒரு பறவை, காற்றின் திசை, முதல் மழை, முதல் பனி ஆகிய ஐந்தை மட்டும் எழுதினாலே பத்தாண்டில் அது ஒரு செல்வமாகும். வீட்டிலுள்ள முதியவர்களிடம் பழைய அடையாளங்களைக் கேட்டு முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். குறிப்பெழுதும்போது சுருக்கெழுத்தைத் தவிர்த்து முழுப்பெயரையும் எழுதுங்கள். ஏன் என்று உங்களுக்குத் தெரியும்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. புறவாசலின் ஒரு மூலையிலேனும் சருகுகளைக் கூட்டி எரிக்காமல் விட்டுவையுங்கள். ஆறுமணிக்குருவி தரையில் தத்தித் தத்திச் சென்று, சருகைப் புரட்டிப் புழு பூச்சிகளைத் தின்று வாழ்வது. பங்குனியில் நாம் குப்பை என்று கொளுத்தும் இலை, ஐப்பசியில் வரும் விருந்தாளிக்கு விரித்த இலை.

அன்று மாலை ஆறு மணியளவில் பெட்டியை வாழையடிக்குக் கொண்டு சென்று திறந்தோம். பறவை சற்று நேரம் அசையாமல் இருந்தது. பிறகு ஒரே தாவலில் வெளியேறி வேலிப்புதருக்குள் மறைந்தது. உயிர் பிழைத்ததோ என்னவோ என்று பேத்தி இரண்டு நாள் கவலையாகவே இருந்தாள். மூன்றாம் நாள் விடியலில், புதரின் உள்ளிருந்து இரட்டைச் சீட்டி ஒன்று தெளிவாகக் கேட்டது. கடிகாரத்தைப் பார்த்தேன், ஆறாக ஐந்து நிமிடம் இருந்தது.

பேத்தி ஓடிப்போய்க் குறிப்பேட்டை எடுத்து வந்தாள். நாளை எழுதி, அதன் கீழே "ஆறுமணிக்குருவி நம் வீட்டில் இருக்கிறது" என்று முழுமையாக எழுதினாள். கண்டவர் பெயர் என்ற கட்டத்தில் தன் பெயரை எழுதிவிட்டு, சற்றுச் சிந்தித்து, அதன் அருகில் என் தந்தையாரின் பெயரையும் எழுதினாள்.